மார்பைத் தொட்ட தாடிகள்

கேளுங்கள் பிள்ளைகளே. தாடி வைத்தவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், தப்பில்லை. ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத ஒரு காலத்தில், நாவற்குடி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்ச் சபைக்கு ஒரே ஒரு சட்டம். தாடி மார்பைத் தொட்டால் பேசலாம். தொடாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது.

ஆகவே நாவற்குடியில் தாடிக்கு நடந்த உபசாரம் சாமிக்குக்கூட நடக்கவில்லை. காலையில் எண்ணெய், மதியம் சீப்பு, மாலையில் சாம்பிராணி. ஊர்த்தலைவர் நல்லப்பரோ சபைக்குப் போகும் நாட்களில் தாடியில் ஒரு கொத்து மருக்கொழுந்தையும் செருகிக்கொள்வார்.

அவருடைய மருமகள்தான் மருதி. ஐப்பசி பிறந்த சமயம், ஏரியில் துணி துவைக்கப் போனவள் கரையின் வெளிப்புறத்தில் மண் ஊறிக் கிடப்பதைக் கண்டாள். காலை வைத்தால் புதைந்தது. கரைக்குக் கீழேதான் ஊர். பெருமழை வந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் துணியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மாமனாருக்குச் சோறு போடும்போது சொன்னாள். ஊர் விஷயத்தைச் சபையில்தான் பேச வேண்டும் என்றார் அவர். சரி என்று சபைக்குப் போனாள். அங்கே தாடி எங்கே என்று கேட்டார்கள்.

இரண்டாவது முறை அவளுடைய கொழுந்தன் சாத்தன் போனான். பதினெட்டு வயது, முகத்தில் ஏதோ பூனைமுடி. வளர்ந்ததும் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது முறை ஊர்ப் பெண்களும் இளவட்டங்களும் ஒன்றாகத் திரண்டு போனார்கள். சபையோ கோயில் கொடியை எந்தத் திசை பார்த்துக் கட்டுவது என்ற வாதத்தில் மூழ்கியிருந்தது. காற்றடிக்கும் திசையில்தானே பறக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வானம் கருத்தது. மருதி கொல்லைக்குப் போனாள். அங்கே வெள்ளாட்டுக் கிடாய் ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் தாடியைப் பார்த்தாள். சாத்தனைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கிடாயைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, சாம்பிராணி காட்டிச் சபைக்கு ஓட்டிப் போனார்கள். சபையில் ஒரே கூச்சல். மாசிலார் என்பவர் சட்டம் தெரிந்த கிழவர், நல்லப்பருக்கு ஆகாதவர். அவர் கிடாயின் தலையைக் குனிய வைத்துப் பார்த்தார்.

"தொடுகிறது" என்றார். "சட்டப்படி பேசலாம்."

கிடாய் பேசியது. மே என்றது. ஏரிக்கரை ஊறிவிட்டது என்கிறது என்றாள் மருதி. மறுபடி மே என்றது. மழைக்கு முன் மண் கொட்ட வேண்டும் என்கிறது என்றான் சாத்தன். வெளியே நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நல்லப்பருக்கு முகம் சிவந்துவிட்டது. பிடித்துத் தள்ளுவதற்காகக் கிடாயின் மேல் குனிந்தார்.

மருக்கொழுந்து கிடாயின் மூக்குக்கு நேரே வந்தது. ஒரே கடி. கொத்து போயிற்று, கூடவே பாதித் தாடியும் போயிற்று.

நல்லப்பர் அலற வாயைத் திறந்தார். மாசிலார் கையை உயர்த்தினார்.

"தலைவரே, உம்முடைய தாடி மார்பைத் தொடவில்லை."

நல்லப்பர் சைகை காட்டினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார், கழுத்தைச் சுருக்கிக் குனிந்துகூடப் பார்த்தார். எட்டவில்லை. சபை அவரை விட்டுவிட்டுக் கொடிக்குத் திரும்பியது. சொல்ல ஆயிரம் இருந்தும், ஐம்பது வருஷம் பழகிய முகங்களில் ஒன்றுகூட அவர் பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்து பெண்களோடு நின்றார். முதல் தூறல் விழுந்தது.

"மருதி, ஆடு வேறென்ன சொன்னதம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆடு ஒன்றும் சொல்லவில்லை, மாமா. நான்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்."

நல்லப்பர் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். எங்கே மண் வெட்டுவது, எங்கே கொட்டுவது, நீயே சொல் தாயே என்றார்.

மருதி சொன்னாள். பெண்கள் கூடைகளை எடுத்தார்கள். இளவட்டங்கள் சாத்தனோடு மண்வெட்டிகளைத் தூக்கினார்கள். நல்லப்பர் மருமகள் காட்டிய இடத்தில் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினார். சிரிப்பும் சேறும் ஒன்றாய்த் தெறித்தன. ஊரே கரையில் நிற்பதைக் கண்ட சபையாரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சேறு படாமலிருக்க மாசிலார் தம் தாடியைச் சுருட்டிக் காதில் மாட்டிக்கொண்டார். பார்த்தவர்களுக்குக் கூடை நழுவியது.

மூன்று நாள் கொட்டியது மழை. ஏரி தளும்பியது. கரை அசையவில்லை.

அடுத்த சபையில் தாடிச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஏரியின் பொறுப்பு மருதிக்கும் சாத்தனுக்கும் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் அன்று யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. ஆளுக்கொரு முறை வைத்து, அடுத்த நாள் சரிசெய்துகொண்டார்கள்.

இதனால் அறிய வேண்டியது: ஊரில் வாழும் பெண்களுக்கும் இளையவர்களுக்கும் ஊரைப் பற்றிப் பேசவும் முடிவெடுக்கவும் இடம் கொடுத்தால்தான் அந்த ஊர் நிலைத்து நிற்கும்.