கடைசி வரிசை இல்லாத வண்டி

கீய்ய்ச்... டொப்!

சாயங்காலக் காப்பி ஆறுவதற்குள் இருட்டிவிடுகிற ஊர் அது. சத்தம் கேட்டதும் கோதைநாச்சி பிள்ளைகள் இரண்டையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தாள். கள்ளன் இல்லை. திவான் கொண்டுவந்து நிறுத்தியிருந்த ஏழு பேர் வண்டியின் பின்கதவு தானாக மேலே எழும்பியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி விழுந்தது.

"வண்டி கொட்டாவி விடுதும்மா," என்றாள் மூத்தவள்.

கோதையின் மாமனார் செம்பியூர் ராஜா. ஊரில் அவருக்கு மிஞ்சியது ஒரு தலைப்பாகையும் அனந்தப்பத் திவானும்தான். மகன் விசயரகுவுக்கு இந்தக் குளிர்தேசத்தில் வேலை கிடைத்ததும், ராஜா, ராணி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், திவான் என்று அரண்மனை மொத்தமும் விமானமேறி ஒரு வாடகை வீட்டில் வந்து இறங்கியது. சோபாதான் சிம்மாசனம். தலைப்பாகை தலையில் இருந்தால் அவர் மகாராஜா. கழற்றி வைத்துவிட்டால் மாமா. கோதை தலையைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள்.

அன்று தலைப்பாகை தலையில் இருந்தது.

"சின்னவர் ஓட்டட்டும். பக்கத்துல மகாராஜா," என்று ஆரம்பித்தார் திவான். "நடுவுல ராணியம்மா, அடியேன், கோதையம்மா. பின்னால பிள்ளைங்க ரெண்டும். தெரிஞ்சவர் கடை வண்டி. ஓட்டிப் பாக்கக் குடுத்திருக்கார். நாளைக்கே முடிச்சிடலாம்."

கோதை வாசல் பக்கம் கை காட்டினாள்.

"மகாராஜா, பின்கண்ணாடிக்கும் பிள்ளைங்க தலைக்கும் ஒரு சாண்கூட இல்லை. கதவு வேற தானாத் திறக்குது."

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும். நமக்கே மூட்டு பிடிக்கலையா?" என்றார் திவான்.

ராஜா மீசையை நீவினார். அவர் கவலை வேறு.

"செம்பியூர் ரத்தம் கடைசி வரிசையில் உட்காருவதா? ஏழு பேரும் போக வேண்டும். ஆனால் கடைசி வரிசை என்று ஒன்று இருக்கக் கூடாது."

"பச்சைப் பிள்ளைங்களுக்கு வரிசை ஏது மகாராஜா?" என்று குழைந்தார் திவான்.

"அதுவும் சரிதான். கோதை, காலைக்குள் கடைசி வரிசை இல்லாத வண்டியைக் காட்டு. யார் எங்கே உட்காருவது என்பது உன் இஷ்டம். காட்டாவிட்டால் திவான் சொன்னபடி."

விசயரகு வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான். தர்பாரில் அவன் வெறும் சாரதி.

காலையில் கோதை கைகட்டி வந்து நின்றாள்.

"கிடைச்சிடுச்சு மகாராஜா. வாசல்ல நிக்கிற அதே வண்டிதான்."

"அதில்தான் கடைசி வரிசை இருக்கிறதே!"

"நம்ம நவராத்திரி ஊர்வலத்துல முதல்ல யார் போவாங்க?"

"கொடிக்காரன்."

"அப்புறம்?"

"மேளம். யானை. ராணி பல்லக்கு. சேனை."

"மகாராஜா?"

"எல்லாருக்கும் பின்னால். அதுதானே முறை! ராஜா முன்னால் ஓடிவர அவரென்ன தபால்காரரா?"

"அப்போ பின்னால இருக்கிற இடம் கடைசி வரிசையா, ராஜ ஸ்தானமா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ராஜ ஸ்தானம்!"

"ஊர்வலத்துல மகாராஜாவுக்குப் பக்கத்துல?"

"திவான். வேறு யார்?"

திவான் பாதிக் காப்பியைக் கீழே வைத்தார்.

ராணி முன்னால் ஏறினாள். ராஜாவும் திவானும் குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். இருவரும் பெல்ட் மாட்டினார்களா என்று கோதை இழுத்துப் பார்த்தாள். பிறகு நடுவில் பிள்ளை இருக்கைகளை இறுக்கிக் கட்டி, பிள்ளைகளோடு அவளும் உட்கார்ந்தாள்.

ராஜாவின் முழங்கால் மோவாய்க்கு வந்தது. தலைப்பாகை கூரையில் நசுங்கியது.

"மகாராஜா சௌகரியம்தானே?" என்று திரும்பாமலே கேட்டாள் கோதை.

"ராஜ்யபாரம்," என்றார் ராஜா.

ஓட்டிப் பார்க்கப் போன மளிகைக்கடையின் வாசலில் ஒரு வேகத்தடை. வண்டி மெதுவாகத்தான் ஏறி இறங்கியது. கீய்ய்ச்! பின்கதவு முழுசாகக் கொட்டாவி விட்டது. ராஜாவின் பிடரிக்குப் பின்னால் இப்போது பரந்த உலகம் மட்டுமே இருந்தது. தலைப்பாகை அதற்குள் பறந்துபோனது.

"நிறுத்துடா!" என்றார் ராஜா. நின்றது. "இறக்குங்கள்!"

"நடு இருக்கையை மடிச்சாத்தான் வழி மாமா," என்றாள் கோதை. தலைப்பாகை இல்லையே. "மடிக்கணும்னா பிள்ளை இருக்கையை அவுக்கணும். சின்னவன் இப்பதான் தூங்கினான். எழுப்பவா?"

சின்னவன் தூக்கம் கலைந்தால் என்ன நடக்கும் என்பது சமஸ்தானம் முழுவதும் அறிந்தது.

"வேண்டாம்," என்றார் ராஜா.

வேறு வழியில்லை. திறந்த பின்கதவு வழியாக விசயரகு அப்பாவைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தான். அடுத்து திவான் வந்தார். பக்கத்தில் ஒருவர் அரிசி மூட்டையை அதே மாதிரி தன் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். அது சுலபமாக வந்தது.

ராணி தலைப்பாகையைப் பொறுக்கி வந்து நீட்டினாள். ராஜா வாங்கவில்லை. பின்கண்ணாடியைப் பார்த்தார். பேரன் தலையைப் பார்த்தார்.

"இங்கேயா அம்மா பிள்ளைகளை உட்கார வைக்கப் பார்த்தேன்?"

"ஆமாம் மாமா."

ராஜா தலைப்பாகையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது.

"இனி எந்த வண்டி பார்த்தாலும் முதலில் நான் பின்னால் ஏறி இறங்கிப் பார்ப்பேன். இறங்க முடிந்தால்தான் வாங்குவோம். அப்போதும் பிள்ளைகள் நடுவில்தான். திவான், இதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாரும்."

"தனியாவா மகாராஜா?"

"ராஜ ஸ்தானம் காலி. வேண்டுமானால் அதில் உட்கார்ந்துகொண்டு ஓட்டும்."

சொல்லிவிட்டு ராஜா சிரித்த சிரிப்பில் சின்னவன் எழுந்தே விட்டான்.

மற்றவர்கள் பஸ்ஸில் திரும்பினார்கள். காலியாக இருந்தது கடைசி வரிசைதான். ராஜா மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தார்.

"என்ன பரிசு வேண்டும், கேள்," என்றார் வழியில்.

"வாசக்கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், மகாராஜா. இந்த ஊர்ப் பூட்டு டிக்குனு ஒரு சத்தம் போடுது. அதை நம்பித் தூங்க முடியலை."

ராஜா வழியிலேயே இறங்கி, கையளவு கனத்தில் ஒன்று வாங்கினார். விளக்கு வைப்பதற்குள் விசயரகு அதை அடித்து முடித்தான். ராஜா தலைப்பாகையைக் கழற்றி வைத்தார்.

"மாமா, திவான் இன்னும் வரலையே?"

"தெரியும். நீ போடம்மா."

கோதை தாழ்ப்பாளைப் போட்டாள்.