மிளகியின் மேல் ஒரு வீடு

கொடைக்கானல் மலைக்கும் மேலே சாமக்காடு என்று ஓர் ஊர். பூண்டு விளையும், உருளை விளையும், மூளை மட்டும் விளையாது. இதை வெளியூர்க்காரர்கள் சொல்வதில்லை, ஊர்க்காரர்களே சொல்வார்கள். அவர்களிலும் வீரணன் ஒரு படி மேல். ஆண்டவன் மூளையைப் பங்கு வைத்த அன்றைக்குத் தான் வத்தலக்குண்டு சந்தைக்குப் போய்விட்டதாக அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான்.

அந்த ஊரில் மிளகி என்றொரு பூனை. உடம்பெல்லாம் மிளகைத் தூவினாற்போல் புள்ளி. சோறு வைத்தால் தின்னும், வீட்டுக்குள் மட்டும் கால் வைக்காது. வேலியோரம்தான் படுக்கை. போன மார்கழியில் அது போட்ட குட்டிகள் உறைபனியில் விறைத்துக் கிடந்தன. குழி தோண்டிப் புதைத்துவிட்டு வீரணன் வாய்விட்டு அழுதான். இந்த வருஷம் மறுபடியும் மிளகி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தது. வீரணனுக்குச் சோறு இறங்கவில்லை.

மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரம்மாவிடம் போய் நின்றான்.

"மரப்பெட்டியில ஒரு வீடு பண்ணுங்க. பூனை நுழையிற அளவுக்கு மட்டும் வாசல் வைங்க. உள்ள வைக்கோல் போடுங்க. தரையில படாம தூக்கி வைங்க. அவ்வளவுதான்."

யாராவது அவ்வளவுதான் என்று சொன்னாலே வீரணன் உஷாராகிவிடுவான். அவ்வளவுதான் என்ற இடத்தில்தான் அவன் எப்போதும் கோட்டை விடுவான். அதனால் துணைக்குக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டான். ஊருக்கு நியாயம் சொல்லும் இருளப்பன், தச்சுவேலை தெரிந்த சடையன், ஒன்றும் தெரியாத மொக்கைச்சாமி.

சடையன் மிளகியின் வயிற்றைக் கயிற்றால் அளந்தான். கையெல்லாம் கீறல்.

"குட்டி போட்டதும் இவ இளைச்சுருவாளே. அப்ப வாசல் பெரிசாப் போயிருமே?" என்றான் மொக்கைச்சாமி.

இருளப்பன் கண்ணை மூடி யோசித்தார். "தாயும் குட்டியும் ஒண்ணா நுழையட்டும். அளவு சரியாப் போயிரும்."

வீடு தயாரானது. சடையன் அதைச் செங்கல் மேல் வைக்கப் போனான். இருளப்பன் தடுத்தார்.

"செங்கல் எதுல செஞ்சது?"

"மண்ணுல."

"தரை எதுல இருக்கு?"

"மண்ணுலதான்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானே. டாக்டரம்மா தூக்கச் சொல்லியிருக்கு. தூக்குங்கப்பா."

நாலு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். வைக்கோல் வாசனைக்கு மிளகி எட்டிப் பார்த்து, வாசலில் ஒரு காலையும் வைத்துவிட்டது. வீரணனுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் இருளப்பனுக்கு ஞாபகம் வந்தது.

"டேய், மார்கழி பொறந்துருச்சுடா. மார்கழியில புது வீடு புகலாமா?"

நாலு பேரும் சேர்ந்து மிளகியை விரட்டினார்கள். மிளகி வேலியோரம் போய்ச் சுருண்டது. மறுநாள் காலையில் அதன் முதுகு மயிரில் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அண்ணே, தை வரைக்கும் தாங்காதுண்ணே," என்றான் வீரணன். "குட்டியெல்லாம் போயிரும்ணே."

இருளப்பனும் மனுஷன்தானே. வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: "வீட்டுக்குள்ள பூனை போனாத்தான் தப்பு. பூனை மேல வீடு போனா?"

அடேயப்பா, என்ன மூளை. தனக்கு இது தோன்றவில்லையே என்று வீரணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சடையன் பெட்டியின் அடிப்பலகையைப் பெயர்த்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மிளகியின் தலைக்கு மேல் பிடித்தார்கள். உள்ளே திணித்திருந்த வைக்கோல் அத்தனையும் அதன் மேல் கொட்டியது.

மிளகி எழுந்து நடந்தது. வீடும் பின்னாலேயே நடந்தது. மிளகி ஓடியது, வீடும் ஓடியது. மொக்கைச்சாமியின் பூண்டுப் பாத்தி பாழாய்ப் போனது. அதை மிதித்தவர்களில் மொக்கைச்சாமியும் ஒருவன் என்பதால் யாரோடு சண்டைக்குப் போவதென்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் வேறு போக்கிடம் இல்லாமல், திறந்து கிடந்த வீரணனின் வீட்டுக்குள் மிளகி பாய்ந்துவிட்டது.

வாசற்படியில் நாலு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். வீட்டுக்குள் வீட்டைக் கொண்டு போகலாமா என்று இருளப்பன் யோசிக்க ஆரம்பித்தார். பொழுது உச்சிக்கு வந்தது. அவர் யோசித்து முடிக்கவில்லை.

அப்போது வீரணனின் பெண்டாட்டி ஒச்சம்மா வெளியே வந்தாள்.

"அடுப்படியில உன் கம்பளி மேலயே குட்டி போட்டிருச்சுய்யா. மூணு. எல்லாம் உசுரோட முட்டி முட்டிப் பால் குடிக்குது. வந்து பாரு."

வீரணன் அழுதுகொண்டே சிரித்தான். பெட்டியைப் போட்டுவிட்டுப் படியில் கால் வைக்கப் போனவனை இருளப்பன் பிடித்து இழுத்தார்.

"பூனை குட்டி போட்டுக் குடியிருந்தா அது யார் வீடு?"

"பூனை வீடு."

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தான், சித்த முன்னாடி."

"அப்ப புத்தம்புது வீடு. இது மார்கழி. பூனைக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?"

"இது எங்கப்பன் கட்டுன வீடுய்யா," என்றாள் ஒச்சம்மா. அது பழைய கதை என்று சொல்லிவிட்டார்கள். வீரணனுக்குக் குட்டிகளை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கம்பளி உள்ளே போய்விட்டதால் குளிரில் பல்லும் தந்தியடித்தது.

"கவலைப்படாத," என்றார் இருளப்பன். "நீ வீட்டுக்குள்ள போகக் கூடாது, அம்புட்டுத்தானே? வீடு உன் மேல வரட்டும்."

அவரும் சடையனும் மொக்கைச்சாமியும் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். நாலாவது மூலைக்கு ஒச்சம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இருக்கிற மூன்று மூலையே போதும் என்று முடிவானது.

வீரணன் வீட்டுக்கு முன்னால் இருந்த களத்தில் போய் நின்றான். வீடு வந்து இறங்கினால் அடுப்பு எந்த இடத்தில் வரும் என்று கணக்குப் பார்த்து, குட்டிகள் மேல் மிதித்துவிடாதபடி கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொண்டான். மூன்று பேரும் சுவரடியில் கைகொடுத்து மூச்சைப் பிடித்தார்கள்.

"மெல்லமாத் தூக்குங்கப்பா," என்றான் வீரணன். "குட்டிங்க தூங்கும்."