சொரசொரப்பான பக்கம்

நெடுமாறன் வேகப்பந்து வீச்சாளர். வயது முப்பத்துமூன்று. போன வருடம் லீக் இறுதிப் போட்டியின் கடைசி ஓவரை அவரிடம்தான் கொடுத்தார்கள். எதிரணிக்குப் பதினாறு ரன் வேண்டியிருந்தது. நாலே பந்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன்பிறகு ஊரில் எல்லோரும் நிபுணர்கள் ஆனார்கள். மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்தோடு சேர்த்து மட்டையாளரின் காலடியில் யார்க்கர் போடும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார். அவர் கையில் பந்தைக் கொடுத்தால் தன் காலிலேயே போட்டுக்கொள்வார். அது வேறு விஷயம்.

நெடுமாறனுக்குப் பெயர் வாங்கித் தந்தது வளைந்து உள்ளே வரும் பந்து. இந்த வருடம் அது வளையவில்லை. நேராகப் போய் மட்டையில் விழுந்தது. மறுநாள் அரையிறுதி. ஆடுகிறாயா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் கேப்டன்.

நெடுமாறன் ரெஜினாவைத் தேடிப் போனார். மாநிலப் பெண்கள் அணிக்குப் பந்து வீசியவர் ரெஜினா. நெடுமாறனைவிடச் சற்றுத்தான் மூத்தவர். ஒரு பெண்ணிடமா போய்க் கற்றுக்கொள்கிறாய் என்று மற்றவர்கள் சிரித்த நாளிலும், நெடுமாறன் அவரிடம்தான் கற்றார்.

கல்லூரி மைதானத்தில், ஆடுகளத்தைச் சமன்செய்யும் ரோலர்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார் ரெஜினா.

"அக்கா, நான் விட்டுடறேன்."

"உட்காரு. கடலை எடுத்துக்கோ."

"மணிக்கட்டு போயிடுச்சுக்கா. பந்து வளைய மாட்டேங்குது."

"வீட்ல உன் பொண்டாட்டி வளர்மதி என்ன சொல்றா?"

"அவளுக்கென்ன, பேன்ட் துவைச்சு முடியலங்கிறா. முன்னெல்லாம் ஒரு தொடையிலதான் பந்தோட சிவப்புக் கறை இருக்கும், இப்ப ரெண்டுலயும் இருக்கேன்னு கத்தறா. நான் இருக்கிற நிலைமையில இதுதான் அவளுக்குக் கவலை."

ரெஜினா கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"டீம்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"என்கிட்ட யாருக்கா பேசறாங்க."

ரெஜினா பையிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. மறுபக்கம் தரையில் அடிபட்டு அடிபட்டுச் சொரசொரப்பாக இருந்தது.

"அந்த ஒத்தை ஸ்டம்புக்கு வீசு."

நெடுமாறன் ஓடிவந்து வீசினார். பந்து வெளியே போவதுபோல் போய், உள்ளே வளைந்து ஸ்டம்பைச் சாய்த்தது.

அவர் தன் கையையே பார்த்தார்.

"மணிக்கட்டு இருக்கு," என்றார் ரெஜினா. "பந்தை எடுத்துட்டு வா. அந்தக் கடைசி ஓவரைச் சொல்லு."

"அது எதுக்குக்கா இப்ப?"

"சொல்லு."

நெடுமாறன் சொன்னார். முதல் பந்து, கூட்டத்தின் சத்தம், இரண்டாவது பந்து, கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சொல்லச் சொல்ல வேர்த்தது. மைதானத்திலிருந்து வெளியே வந்தபோது தன் மகன் யாரோபோல் தள்ளி நின்றதைச் சொன்னபோது குரல் இறங்கிப்போயிற்று.

"இப்ப வீசு."

பந்து நேராகப் போயிற்று. ஸ்டம்பைத் தாண்டிப் புல்லில் கிடந்தது.

"பாத்தீங்களா அக்கா?"

"நான் பாத்துட்டேன். நீ பாரு. உன் பேன்ட்டை."

நெடுமாறன் குனிந்து பார்த்தார். வலது தொடையில் சிவப்பு. இடது தொடையிலும் சிவப்பு. போய்ப் பந்தை எடுத்துவந்தார். சொரசொரப்பாக இருந்த பக்கம் வேர்வை ஏறி, தேய்ந்து, வழவழவென்றிருந்தது.

"நான் தேய்க்கவே இல்லையேக்கா."

"பேசிக்கிட்டே தேய்ச்ச. ரெண்டு பக்கமும் தேய்ச்சா பந்து என்ன ஆகும்?"

"வளையாது. ஒரு பக்கம் வழவழப்பா, ஒரு பக்கம் சொரசொரப்பா இருந்தாத்தான் வளையும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"வளர்மதிக்கு முதல்ல தெரிஞ்சிருக்கு. காது கொடுத்துக் கேட்டாத்தானே."

நெடுமாறன் ரோலர்மேல் உட்கார்ந்தார்.

"அக்கா."

"ம்."

"அந்த ஓவரை எப்படிக்கா அழிக்கிறது?"

ரெஜினா மிச்சமிருந்த கடலையை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். பையைத் துழாவி இன்னொரு பழைய பந்தை எடுத்து அவர் மடியில் போட்டார். அதிலும் ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு.

நெடுமாறனின் கண் நிறைந்துவிட்டது. உள்ளங்கையால் துடைத்தார். துடைத்த கை தன்பாட்டுக்குப் பந்தின் சொரசொரப்பான பக்கத்துக்குப் போயிற்று.

ரெஜினா அந்தக் கையைப் பிடித்தார். பந்தைத் திருப்பி, பளபளப்பான பக்கத்தின்மேல் அதை வைத்தார்.

"அந்தப் பக்கம் ஈரம் படக்கூடாது, நெடுமாறா. அதை அழிக்க வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும். இங்க துடை. நாளைக்கு மேட்ச்லயும் இப்படித்தான்."