கரண்ட் விழுங்கிய ஐயாவு

மொட்டைப்பாறைக்காரர்கள் மூளையைத் தேயவிடாமல் பத்திரமாக வைத்திருப்பவர்கள். அந்த ஊர் வேலாண்டி ஒரு மாவு மில் போட்டான். இரண்டு மோட்டார் கருகிப்போனது. மூன்றாவதும் கருகினால், வடக்குப்பொட்டலில் மில் நடத்தும் மச்சான், பொண்டாட்டியின் அண்ணன் பரமனிடம் கூலிக்கு நிற்க வேண்டும். அதற்கு அரைக்கிற கல்லுக்குள் தலையைக் கொடுத்துவிடலாம்.

இன்ஜினியர் வந்தார். ஒரு கயிற்றை வேப்பமரத்தில் கட்டி உதறினார். அலை ஒன்று நெளிந்து ஓடி, மரத்தில் முட்டித் திரும்பி வந்தது.

"உங்க லைன் ரொம்ப நீளம். கடைசியில வாங்கிக்க ஆளில்லாம அலை திரும்புது. அதான் மோட்டார் கருகுது."

பிறகு கயிற்று நுனியை அவிழ்த்து, பக்கத்தில் நின்ற ஐயாவு கையில் கொடுத்தார். "விறைப்பாப் பிடிக்காதே, தொளதொளன்னும் விடாதே. வர்றதுக்கு இணங்கிக் குடு."

இந்தமுறை அலை ஐயாவுவிடம் போய் அப்படியே அடங்கியது.

"இதே மாதிரி, லைனோட குணத்துக்கு ஒத்த ஒண்ணைக் கடைசிக் கம்பத்துல வைக்கணும்" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் சாப்பிடப் போனார். போனவர் போனவர்தான்.

வேலாண்டிக்கு வேறொன்று உறைத்தது. "ஏலே, திரும்புற கரண்ட் வடக்குப்பொட்டல் வழியாத்தானே போகும்?"

"அப்போ பரமன் மில் ஓடுறதே நம்ம கரண்ட்டுல" என்றான் கூட நின்ற கோம்பை.

"தங்கச்சிக்குப் போட்ட சீரைத் திருப்பி எடுத்துக்கிறான், களவாணிப் பய" என்றான் வேலாண்டி.

யாரைக் கம்பத்தில் வைப்பது என்று ஊர் கூடியது.

"நல்லமுத்து?"

"அவன் விறைப்பு. பொண்டாட்டி கூப்பிட்டாலே கழுத்தைத் திருப்ப மாட்டான்."

"கோம்பை?"

"தொளதொள. இடுப்புல வேட்டியே நிக்காது."

"அப்போ ஐயாவுதான். ஏற்கெனவே ஒரு அலையை வாங்கின கை."

ஐயாவுவைக் கடைசிக் கம்பத்தடியில் உட்காரவைத்து, கம்பத்தில் கட்டிய கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். வேலாண்டி மில் சுவிட்சைப் போட்டான். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. வடக்குப்பொட்டலிலும் இல்லை என்று சேதி வந்தது. வேலாண்டிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"முழுசையும் வாங்கிட்டான்யா. பரமனுக்கு ஒரு சொட்டுப் போகலை."

"நம்ம மில்லும் ஓடலையே" என்றான் நல்லமுத்து.

"எப்படி ஓடும்? கரண்ட் ஐயாவுக்குள்ளதானே இருக்கு" என்றான் கோம்பை.

மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, ஐயாவுவைச் சக்கரம் சுற்றவிட்டார்கள். மாவு கொட்டியது. கருகின வாடையே இல்லை.

சாயங்காலம் லைன்மேன் சைக்கிளில் வந்தார். "கம்பி அறுந்து கிடந்துச்சு, சரிபண்ணியாச்சு. கரண்ட் விடச் சொல்லட்டுமா?"

வேலாண்டி சைக்கிளை மறித்தான். "பொறுங்க அண்ணாச்சி. முன்னாடி விட்டதே பாதி அவனுக்குள்ள கிடக்கு. மேல விட்டா எங்க வச்சுக்குவான்?"

ஐயாவு சுற்றுவதை நிறுத்தாமல் சொன்னான்: "ரெண்டு பல்புக்கு உண்டானதை மட்டும் விடச் சொல்லுங்கண்ணே. முழங்காலுக்குக் கீழ இடமிருக்கு."