நாலாம் கட்டத்துச் சனி

முன்னொரு காலத்தில் பொழில்நாட்டை மருதமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் பேச்சுதான் அவனுக்கு வேதவாக்கு. பல வருஷம் காத்திருந்து ஒரு பெண் குழந்தை பிறந்ததும் அவன் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. குழந்தை தூங்கும்போது யானைகள் பிளிறக் கூடாது என்று உத்தரவு போட்டான். அதை யானைகளிடம் எப்படிச் சொல்வது என்று பாகர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் பெருமையை அமைச்சர் குழைக்காதருக்குக் கொடுத்தான். அரண்மனை ஜோசியர் திரிகாலப் பண்டிதருக்கு வயிறு எரிந்தது. ஜாதகத்தை விரித்து, லக்னத்திலிருந்து கட்டங்களை விரல்விட்டு எண்ணினார்.

"ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாம் கட்டத்தில் சனி! நாலு என்றால் தாயின் இடம். அதிலும் கேந்திரம். அங்கே நிற்கும் கிரகத்துக்குப் பலம் அதிகம், பிரபு! தாயும் மகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் இருவருக்கும் ஆகாது. ஐந்து வயது வரை குழந்தை மலைக்கோட்டையில் வளரட்டும்."

அரசன் அழுதான். அழுதுகொண்டே, மறுநாள் சபை கலைந்ததும் பல்லக்கு புறப்படட்டும் என்று உத்தரவும் போட்டான்.

அரசி வடிவாம்பிகை அமைச்சரை வரவழைத்தாள். தொட்டிலிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"ஐயா, இவள் இன்னும் என் முகத்தைக்கூடப் பார்த்துப் பழகவில்லை. அதற்குள் பிரிக்கிறார்களே!"

குழைக்காதர் ஜாதகத்தை வாங்கிப் பார்த்தார்.

"அம்மா, லக்னப் புள்ளி முதல் கட்டத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. சனி நாலாம் கட்டத்தின் கடைசி ஓரத்தில் நிற்கிறான். பண்டிதர் கட்டத்தை எண்ணினாரே ஒழிய, தூரத்தை அளக்கவில்லை. லக்னத்திலிருந்து சரியாகக் கால் வட்டம் வந்தால்தான் அந்தக் கேந்திரம். இவன் அதைத் தாண்டி ஏறக்குறைய ஒரு கட்டம் போய்விட்டான்."

"அதை அரசரிடம் சொல்லுங்களேன்!"

"சொன்னால் பண்டிதர் பத்து சுலோகம் எடுத்துவிட்டு என் வாயை அடைப்பார். அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்."

அந்த நாட்டுச் சபாமண்டபம் வட்டமானது. சுற்றிலும் பன்னிரண்டு தூண்கள். தூணுக்குத் தூண் ஒரு கட்டம். முதல் கட்டத்தின் நடுவில் அரசன் அமர்வான். நாலாம் கட்டத்தின் நடுவில், அரசனிடமிருந்து சரியாகக் கால் வட்டத்தில், பண்டிதரின் ஆசனம். அதற்குக் கேந்திர ஆசனம் என்றே பெயர். தாம்பூலத் தட்டு முதலில் அங்கேதான் போகும்.

மறுநாள் சிம்மாசனம் முதல் கட்டத்தின் தொடக்கத்துக்கு நகர்ந்திருந்தது. பண்டிதரின் ஆசனம் நாலாம் கட்டத்தின் கடைசித் தூணோடு ஒட்டிக் கிடந்தது. தாம்பூலக்காரன் வழக்கம்போல அரசனிடமிருந்து கால் வட்டம் நடந்து நின்றான். அங்கே யாருமில்லை. தட்டோடு திரும்பிப் போய்விட்டான்.

பண்டிதர் குதித்தெழுந்தார். "அநியாயம்! என்னை எங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறீர்கள்?"

"நாலாம் கட்டத்தில்தானே ஐயா இருக்கிறீர்கள்? எண்ணிப் பாருங்கள்" என்றார் குழைக்காதர்.

"கட்டத்தை எண்ணி என்ன பயன்? அரசர் அமர்ந்திருக்கும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டாமா? இது கேந்திரமே இல்லை! இங்கே உட்கார்ந்தால் எனக்கு என்ன பலம்?"

"அதையேதான் சனியும் சொல்கிறான்" என்று அமைச்சர் ஜாதகத்தை அரசன் முன் விரித்தார். அரசன் லக்னத்தில் விரலை வைத்து, சனி நிற்கும் ஓரம் வரை மெல்ல நகர்த்தினான்.

"உமது ஆசனத்துக்கு அளவு, என் மகளுக்கு வெறும் எண்ணிக்கையா?" என்று சீறினான் அரசன். பண்டிதர் தலை தொங்கியது. கேந்திர ஆசனம் அன்றே குழைக்காதருக்குப் போனது.

பிறகு அரசன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அமைச்சரே, ஒருவேளை சனி உண்மையிலேயே கேந்திரத்தில் நின்றிருந்தால்?"

"அப்போதும் பல்லக்கை நிறுத்தத்தான் சொல்லியிருப்பேன், அரசே. கஷ்டம் வரும் என்று தெரிந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிடுங்குவார்களா? இன்னும் இறுக்கி அணைத்துக்கொள்ளச் சொல்வார்களா?"

அரசன் செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினான். பல்லக்கின் பக்கத்தில் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அரசி நின்றிருந்தாள். அவன் தன் மேலாடையை எடுத்து இருவருக்கும் நிழலாகப் பிடித்தான்.

"உள்ளே போகலாம் வா, வடிவு. குழந்தைமேல் வெயில் படுகிறது."

அந்தப் பெண் அம்மா மடியிலேயே வளர்ந்தாள். சனி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தான்.