நான்கு தூண்களின் மரியாதை

முன்னொரு காலத்தில், ஜாவாத் தீவில், நெல்வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு கிராமத்தில் ஒரு தேக்கு வீடு நின்றது. ஆணி ஒன்றுகூட அடிக்காமல், மரத்தோடு மரம் கோத்து நிறுத்திய வீடு. அந்தப் பக்கத்தில் வீடும் மாடும் ஒன்றுதான். அவிழ்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளலாம். நடுவில் உயர்ந்து நின்ற கூரையை நான்கு தூண்கள் தாங்கின. ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு கருங்கல் இருந்தது.

அந்த ஊரைப் போல மரியாதை தெரிந்த ஊரை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றும். அங்கே ஒருவர் எதையாவது கொடுத்தால், வெடுக்கென்று வாங்கிக்கொள்ளக் கூடாது. முதல் முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கேட்கும்போதுதான் தலைகுனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கோப்பைத் தேநீருக்கும் இதே முறை, ஒரு வீட்டுக்கும் இதே முறை.

வீட்டுக்காரர் இறந்துபோனார். அவருக்குப் பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவன் சுகார்ஜோவும் அடுத்த இருவரும் கல்யாணமாகி, தனித்தனி ஊரில் வீடு கட்டிக்கொண்டவர்கள். கடைசிப் பெண் வாகியெம் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளாமல், படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு இங்கேயே கிடந்தாள். வயலையெல்லாம் அப்பா இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிட்டார். மிச்சம் இந்த வீடுதான். வாகியெமுக்கு வேறு கூரை கிடையாது.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், நால்வரும் நடுக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

“வாகியெம், வீட்டை நீயே வச்சுக்கம்மா” என்றான் சுகார்ஜோ. மனசாரத்தான் சொன்னான்.

“ஐயோ, எனக்கு எதுக்குண்ணே? நீங்க மூத்தவங்க, நீங்க எடுத்துக்குங்க” என்றாள்.

மேலே கூரை மூச்சைப் பிடித்துக்கொண்டது. “ஒண்ணு ஆச்சு” என்று முணுமுணுத்தது.

“எனக்குத்தான் வீடு இருக்கே. நீயே வச்சுக்க.”

“வேணாண்ணே. நான் ஒருத்தி, எங்கயாவது ஒரு மூலையில இருந்துக்குவேன்.”

“ரெண்டு” என்றது கூரை. “கேளுடா தம்பி, இன்னும் ஒரே ஒரு தடவை கேளு!”

வாகியெம் பாயின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். ‘சரிங்கண்ணே’ என்ற சொல் நுனிநாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. சுகார்ஜோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பக்கத்து ஊர் எருமைத் தரகர் தார்மோ, ஒரு தார் வாழைப்பழத்தோடு துக்கம் விசாரிக்க வந்திருந்தார். வந்தவரை வாசலில் நிறுத்த முடியுமா? உள்ளே அழைத்தார்கள். தேநீர் வைத்தார்கள். அவர் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் முறை குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். நெல்லுக்கு விழுந்த பூச்சியைப் பற்றிப் பேசினார். போகிறேன் என்றார். உடனே அனுப்புவது முறையல்ல என்று சாப்பிடச் சொன்னார்கள்.

சாப்பாட்டின் நடுவே, வந்தவரை ஒதுக்கிவைத்த மாதிரி இருக்கக் கூடாதே என்று, சுகார்ஜோ வீட்டு விஷயத்தைச் சொல்லி அவர் கருத்தைக் கேட்டுத் தொலைத்தான்.

தார்மோவுக்கு வாகியெமின் நிலைமை தெரியும். அவளுக்குக் கொடுங்கள் என்று சொல்லத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் ஒரு விருந்தாளி, நான்கு பேரில் ஒருவர் பக்கம் பேசலாமா? மற்ற மூவரின் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பிள்ளைங்க நாலு பேர். தூணும் நாலு இருக்கு. ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டா யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.”

நால்வருக்கும் அது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனால் சோறு போட்டுக் கருத்துக் கேட்ட விருந்தாளியின் பேச்சை, அவர் எதிரிலேயே எப்படித் தள்ளுவது?

கூரை அவசரமாகத் தூண்களைக் கூப்பிட்டது. “டேய் தூண்களா! யாராவது ஒருத்தன் விரிசல் விடுங்கடா! சின்னதா ஒரு சத்தம் போதும்!”

அந்த ஊரில் பங்கு பேசும்போது தூணில் விரிசல் விட்டால், வீட்டுக்குப் பிடிக்கவில்லை என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். தூண்களுக்கும் அது தெரியும்.

“அண்ணன் இருக்கும்போது நான் சத்தம் போடறதா?” என்றது நான்காம் தூண். “மூணாவது அண்ணன் சொல்லட்டும்.”

“எனக்கு மேல ரெண்டு பேர் நிக்கறாங்க. நான் எப்படி முந்திக்கறது?” என்றது மூன்றாம் தூண்.

“முதல்ல நட்டது பெரியவரைத்தானே? அவர் இருக்க நான் பேசினா நல்லாவா இருக்கும்?” என்றது இரண்டாம் தூண்.

முதல் தூண் வெகுநேரம் யோசித்தது. “நான் மூத்தவன்தான். ஆனா மூத்தவன்கிற திமிர்ல சத்தம் போட்டான்னு நாளைக்கு நீங்களே சொல்லிட்டா? நீங்க யாராவது ஆரம்பிங்க, நான் கூட வர்றேன்.”

“உங்க மரியாதையில நெருப்பு வைக்க!” என்று கத்தியது கூரை. இதைவிடக் கெட்ட வார்த்தை அதற்குத் தெரியாது.

கீழே சுகார்ஜோ தங்கையின் முகத்தைப் பார்த்தான். ‘அவள் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் போதும், விட்டுவிடலாம்’ என்று நினைத்தான். வாகியெம் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். ‘அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும்’ என்று நினைத்தாள். நடுவில் தார்மோ வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க” என்றாள் வாகியெம். அழுகையை மென்று விழுங்கிக்கொண்டு சிரித்தும் வைத்தாள். விருந்தாளி எதிரில் அழுவது முறையல்ல.

“சரிங்க” என்றார்கள் மற்ற மூவரும்.

ஒரு வாரத்தில் ஆட்கள் வந்தார்கள். ஓடுகளையும் சுவர்ப் பலகைகளையும் நான்கு குவியலாக இறக்கினார்கள். ஓடு இறங்க இறங்கக் கூரையின் குரல் தேய்ந்தது. கடைசியில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு தூண்களைக் கழற்றி நான்கு மாட்டுவண்டிகளில் கிடத்தினார்கள்.

“நீங்க முன்னாடி போங்க” என்றது இரண்டாம் தூண்.

“பரவாயில்ல, நீ போ” என்றது முதல் தூண்.

மூன்று வண்டிகள் மூன்று திசையில் போயின. மூன்று ஊர்களில், நன்றாக இருந்த மூன்று கூடங்களின் நடுவே, எதையும் தாங்காமல் ஆளுக்கொரு தூண் நின்றது. வருகிறவர்கள் தட்டிப் பார்த்து, நல்ல தேக்கு என்றார்கள்.

நான்காம் வண்டிக்குப் போக இடமில்லை. வாகியெம் தன் தூணை அங்கேயே தரையில் இறக்கச் சொன்னாள். வண்டிக்காரன் போனதும் நான்கு கருங்கற்களுக்கு நடுவே வெறும் மண்ணில் பாயை விரித்து உட்கார்ந்தாள். யாரும் பங்கு கேட்காததால் கற்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

“இவ ராத்திரிக்கு எங்க படுப்பா?” என்றது ஒரு கல்.

“நம்மள யாரும் கேக்கலையே” என்றது இன்னொன்று.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஊர்க்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. வாகியெமைத் தனியே விடக் கூடாது என்று ஆளுக்கொரு பலகாரத் தட்டோடு கூட்டமாக வந்தார்கள். எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் அவளிடம் போயிருக்கலாம். ஆனால் முன்பு வாசல் இருந்த இடத்தில் நின்றார்கள். செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். அவள் அழைக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

வாகியெம் எழுந்து இடுப்பில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

“உள்ளே வாங்க” என்றாள்.

வந்து உட்கார்ந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நனைந்துகொண்டே அறுவடையைப் பற்றிப் பேசினார்கள். வீடு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.