கழற்றி வைத்த கயிறு

குடியை விட நினைப்பவர்களுக்கு முனியப்பன் கோயிலில் கயிறு கட்டுவார்கள். கட்டுகிறவர் சடையாண்டி சாமி. வலது மணிக்கட்டில் கயிறு ஏறிவிட்டால் கெடு முடியும்வரை ஒரு சொட்டு தொடக்கூடாது. ஊருக்கே தெரிந்த சட்டம் இது. பந்தல் போடும் இருளப்பனுக்கு மட்டும் அதில் ஒரு சந்து கிடைத்திருந்தது.

இருளப்பன் சாமியைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் போகிற இடமெல்லாம் சடையாண்டிதான் என் குரு என்று சொல்லிக்கொள்வார். அதைக் கேட்டாலே சாமிக்குத் தலைவலி வரும்.

அன்று காலை பத்து மணிக்கு வந்து நின்றார். கண்கள் மஞ்சளாக இருந்தன. கை நடுங்கியது.

“சாமி, கயிறு கட்டணும்.”

“ஆடியிலதானே கட்டினேன்? ஒரு வருசக் கெடு. அது எங்க அண்ணே?”

இருளப்பன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அழுக்குப் படாமல், சுருட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார்.

“அறுத்துட்டீங்களா?”

“ஐயையோ, அறுக்கிறதா! சாயங்காலம் அவுத்து முனியப்பன் படத்துக்கிட்ட வச்சிருவேன். காலையில திரும்பக் கட்டிக்கிடுவேன். கயிறு கையில இருக்கையில ஒரு சொட்டு குடிச்சதில்ல சாமி. முனியப்பன் மேல சத்தியம்.”

சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு. சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஈரல் வீங்கியிருக்காம். இன்னும் குடிச்சா ரத்த வாந்தி வரும்னாரு. வார்டுல சேரச் சொன்னாரு.”

“சேர்ந்தீங்களா?”

“அதான் கயிறு கட்டியிருந்தேன்ல சாமி.”

“கயிறு கட்டினது கையில. ஈரலுக்கு எப்படி அண்ணே தெரியும்?”

இருளப்பன் கவரிலிருந்து கயிற்றை எடுத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சாமிக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அவிழ்ப்பது சரி, ஒற்றைக் கையால் தன் மணிக்கட்டில் தானே முடிச்சுப் போட முடியாதே.

“தினமும் காலையில யாரு கட்டிவிட்டது?”

“பொன்னாத்தாதான்.”

“மதினி ஒண்ணும் சொல்லலையா?”

“மொதல்ல அழுதா. பெறகு திட்டினா. இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. கையை நீட்டுவேன், கட்டிவிடுவா.”

“இன்னைக்கு ஏன் கட்டல?”

இருளப்பன் தரையைப் பார்த்தார்.

“காலையில எந்திரிச்சுப் பாத்தேன், ஆளைக் காணோம். அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. இனிமே வரமாட்டேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்கா. நீங்க இதைக் கட்டிவிட்டா, கையைக் காட்டிக் கூட்டிட்டு வந்துருவேன். அவ இல்லாம என்னால முடியாது சாமி.”

கடைசியாகச் சொன்னது உண்மை. அது உண்மை என்று தெரிந்ததால் சாமிக்குக் கோபம் இன்னும் கூடியது. கயிற்றை எடுத்து அவர் மடியிலேயே போட்டார்.

“நீங்களே கட்டுங்க.”

“நானா?”

“அவுக்கத் தெரிஞ்சுதுல்ல. கட்டுங்க.”

இருளப்பன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றினார். நழுவியது. முழங்காலில் வைத்து அமுக்கிப் பார்த்தார். கை நடுக்கத்தில் மறுபடி கீழே விழுந்தது. இருபது வருடமாக ஊர்க் கல்யாணப் பந்தலுக்கெல்லாம் முடிச்சுப் போட்ட ஆள். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். கயிற்றில் எச்சில் பட்டதுதான் மிச்சம்.

சாமி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கை கொடுக்க எழவில்லை.

“ஒத்த ஆளா இதை எப்படிக் கட்டுறது சாமி?” இருளப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

“இத்தனை நாளும் மதினி ஒத்த ஆளாத்தான் அண்ணே கட்டினாங்க. நீங்க கையை மட்டும்தான் நீட்டினீங்க.”